செல்லையா தோட்டத்துத் தண்டவாளம்

போன வாரம் தென்காசியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயப்பற்று வைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் போனைக்கூட வாங்காமல் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். புகைதான் காரணம் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

அந்த வாசனையோடு எனக்கு ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு குட்டி ரயில் எஞ்சின். முழங்கை நீளம் இருக்கும். கடலை எண்ணெய் டின்னை வெட்டி ஈயப்பற்று வைத்து ஒட்டிய உடம்பு, பிளாஸ்டிக் குழாயில் பாய்லர், பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார், எமர்ஜென்சி விளக்கின் பேட்டரி. சக்கரங்கள் மட்டும் பித்தளை, என் லேத்தில் நானே கடைந்தவை. புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருக்கும். கேட்டால், மலையேறுகிற வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சமாளிப்பேன்.

அதைச் செய்துதரச் சொல்லிக் கேட்டவன் செல்லையா. பள்ளிக்கூடச் சிநேகிதன், ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். செங்கோட்டையிலிருந்து புளியறைப் பக்கமாக மலையேறிய மீட்டர்கேஜ் வண்டியை அகலப்பாதைக்காக நிறுத்திய அன்று என் பட்டறைக்கு வந்தான்.

"நம்ம ரயிலு போயிட்டுலே. சின்னதா ஒண்ணு செஞ்சி குடு, எந் தோட்டத்துல ஓடட்டும். லைன் நான் போடுதேன். அகலம் நாப்பத்தஞ்சு எம்எம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

தோட்டம் இலஞ்சியில், அவன் வீட்டுக்குப் பின்னால். மரக்கடையில் தேக்குத் துண்டுகளைப் பொறுக்கிக் குட்டி ஸ்லீப்பர் கட்டைகள் அறுத்தான். அலுமினியப் பட்டைகளை நிமிர்த்தி வைத்து, திருகாணி போட்டு, கிணற்றைச் சுற்றி நாரத்தை மரத்தடி வரைக்கும் லைன் போட்டுவிட்டான். எனக்குத்தான் ஒரு வருஷம் ஆனது. நாளைக்கு என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைக் கொண்டுபோனேன். செல்லையா தன் கேங்க் ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி பொன்னம்மா வடை சுட்டாள். பச்சைக் கொடியோடு அவன் நிற்க, நான் எஞ்சினை வைத்தேன். ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. மறு பக்கம் உள்ளே விழுந்தது. தூக்கி வைத்தால் இந்தப் பக்கம் விழுந்தது.

விஷயம் இதுதான். பட்டறையில் நாங்கள் நடுவுக்கு நடு அளப்போம். ரயில்காரர்கள் தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளப்பார்கள். இரண்டு பேரும் நாற்பத்தைந்துதான் போட்டிருந்தோம்; என் சக்கரங்கள் ஒரு பட்டையின் கனம் குறுகிவிட்டன. ரயில் அளவைச் சொன்னவன் ரயில்காரன். நியாயப்படி தப்பு என்னுடையது. யாரோ ஒருவர் சிரித்தார், எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

"கடப்பார தூக்குதவனுக்கு அளவப் பத்தி என்னலே தெரியும்?"

அவனுடைய ஆட்கள் முன்னால் சொன்னேன். அவன் கொடியைச் சுருட்டினான்.

"எஞ்சின எடுத்துட்டுப் போலே" என்றான், மெதுவாக.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த வாரமே சக்கரங்களைக் கழற்றி, அந்தப் பித்தளையில் ஒரு பம்புசெட்டுக்கு புஷ் கடைந்து கொடுத்துவிட்டேன்.

ஆறு வருஷம் பேசவில்லை. பைக்கில் பத்து நிமிஷ தூரம். கல்யாண வீடுகளில் அவன் முதல் பந்தி என்றால் நான் மூன்றாம் பந்தி. அப்புறம் ஒருநாள் காலையில் தகவல் வந்தது. லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலியாம்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்க் காடேற்றிவிட்டு வந்ததும் பொன்னம்மா கூப்பிட்டாள்.

"அண்ணே, தோட்டத்த ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

தண்டவாளம் பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் பழைய துளைகள் வெளியே தெரிந்தன. பட்டைகளை உள்ளே தள்ளிப் புதிதாகத் திருகியிருந்தான். பாழாய்ப்போன பழக்கம், பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். நடுவுக்கு நடு நாற்பத்தைந்து.

"நீங்க கோவிச்சிட்டுப் போன மறு வாரமே மாத்திட்டாரு. ஊரெல்லாம் அகலப்படுத்துதாவ, இவரு குறுக்குதாருன்னு நான் சிரிச்சேன். சக்கரத்த மாத்துதது அவனுக்குச் செரமம்னாரு. தெனமும் தொடச்சி வைப்பாரு. வாயத் தொறந்து ஒங்களக் கூப்பிட மட்டும் மாட்டேன்னுட்டாரு." பிறகு கேட்டாள்: "எஞ்சின எப்பம் கொண்டாருவிய?"

சக்கரமே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நாளைக்கு என்றேன்.

மறுபடி கடைந்தேன். கையும் கண்ணும் முன்னைப்போல் இல்லை. மாதங்கள் போயின. கொண்டுபோனபோது வீட்டை விற்றுவிட்டு, பிள்ளைகள் பொன்னம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். இப்போது அங்கே குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கான லாட்ஜ். கிணறு இல்லை, நாரத்தை இல்லை. சிமென்ட் தரையில் வேன்கள் நிற்கின்றன. பக்கத்து வீட்டில் எனக்கென்று ஒரேயொரு ஸ்லீப்பர் கட்டையைப் பொன்னம்மா கொடுத்துவைத்திருந்தாள்.

அது என் மேஜையில் இருக்கிறது. வெளியே இருக்கிற துளைகள் அவன் அளவு, உள்ளே இருக்கிறவை என் அளவு. பக்கத்தில் எஞ்சின், சக்கரங்களோடு. ஆறு வருஷம் அவன் தோட்டத்தில் எல்லாம் தயாராக இருந்தது. நான்தான் போகவில்லை.