பாலாற்று மணலில் ஓர் அம்பா

வேலூர் லாங் பஜாரில் கயிற்றுக் கடை வாசலில் என் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு தள்ளுவண்டி, பின்னால் ஊரே ஹாரன். தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் சலீம் ஞாபகம் வந்தான். நல்ல நண்பன், மோசமான பாடகன்.

ஆம்பூரில் எங்கள் பங்க் ராக் இசைக்குழுவுக்கு 'உப்பு' என்று பெயர். ஷூ கம்பெனியில் தோல் வெட்டிய சலீம் கிதாரும் பாட்டும், குமார் பேஸ் கிதாரும் வேனும், நான் டிரம்ஸ். நாகூர் போன சலீம், கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாவை ஃபோனில் பதிவுசெய்து வந்தான். ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் 'ஐலசா' என்று பதில் சொல்லி இழுப்பார்கள். நாங்கள் கிறங்கிப்போனோம். நானோ அதுவரை கடலையே பார்த்ததில்லை; தெரிந்த உப்பு வாசனையெல்லாம் தோல் பதனிடும் டேனரியில் பச்சைத்தோலுக்குப் போடுவதுதான். அதனாலென்ன, மூன்று மடங்கு வேகத்தில் அம்பாவை அடித்துத் துவைத்தோம். கேட்டிருந்தால் மீனவர்கள் எங்களைத்தான் வலையில் சுருட்டியிருப்பார்கள்.

வேலூரில் ஒரு கல்லூரி விழாவில் நாலு மணிக்கு மேடை கிடைத்தது. அடுத்த வாரம் சலீம் வேலைக்குத் துபாய் போகிறான். இதை விட்டால் வேறு மேடை இல்லை. போகும் வழியில், பள்ளிகொண்டா பக்கம், குமாருக்கு ஒரு யோசனை.

"கடற்கர மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாம்டா."

வற்றிக் கிடந்த பாலாற்றில் வேனை இறக்கினான். சக்கரம் மணலில் பாதி புதைந்தது.

குமார் ஸ்டியரிங்கைப் பிடிக்க, சாமான் கட்டும் தேங்காய்நார்க் கயிற்றை மாட்டி நானும் சலீமும் இழுத்தோம். சலீம் பாடாமல் இழுக்க மாட்டானாம். எங்கள் வேகத்தில் அவன் பாட, ஆளுக்கொரு நேரத்தில் இழுத்து ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம். அங்கே ஆடு மேய்த்த அக்கா ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா இது? பாட்ட நிறுத்திட்டு இழுங்க, ஆடெல்லாம் மெரளுது!"

"நிறுத்தமாட்டேன்கா" என்றான் சலீம். ஆனால் அவனுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. ஓரடி பாடி, மூச்சு வாங்கி, அடுத்த அடி. அந்த இடைவெளியில் மூன்று பேரும் 'ஐலசா' என்றோம், கயிறு ஒன்றாக இறுகியது. திட்டிக்கொண்டே அக்காவும் ஒரு கை கொடுத்தார். வேன் மேலேறியது. இத்தனை நாளும், இழுக்க நேரமே கொடுக்காமல் இழுவைப் பாட்டு பாடியிருக்கிறோம், முட்டாள்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லூரியில் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சலீம் அழுதான். நானும்தான், டிரம்ஸைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டு.

குமார் வேனை விற்றுவிட்டான். குழு அத்தோடு சரி. துபாயில் சலீமுக்கு இப்போது கடலை ஒட்டியே அறை. எப்போதாவது அம்பாவின் முதல் அடியை மெதுவாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். "பதில் சொல்ல இங்க ஆளு இல்லடா" என்பான்.

கயிற்றுக் கடை வாசலிலேயே ஃபோனை எடுத்து, அவனுக்கு அனுப்ப 'ஐலசா' என்று கத்திப் பதிவுசெய்தேன். தள்ளுவண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். சலீம் ஷிஃப்ட் முடிந்துதான் கேட்பான். மூன்று பேரும் ஒரே மூச்சில் அதைச் சொன்னது அந்த மணலில், அன்று ஒருநாள்தான்.