சர்க்கரை இறங்கிய வீடு

தெருவில் அவளுக்குப் பெயர் மிட்டாயக்கா. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையோடு சரி. மாடி வீட்டின் சமையலறையில் இருபது வருஷமாகப் பாகு காய்ச்சினாள். எலுமிச்சை, இஞ்சி, ஆரஞ்சு என்று மூன்றே வகை. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவாள். வளைந்தால் இன்னும் கொதிக்கட்டும். 'டக்'கென்று உடைந்தால் அடுப்பை அணைப்பாள். வெப்பம் பார்க்கிற கருவி வாங்கித் தருகிறேன் என்று கல்லூரியில் படிக்கிற மகள் சொன்னதற்கு, "என் காது போதும்டி" என்று முடித்துவிட்டாள். தலைக்கனம் கொஞ்சம் உண்டுதான். கைவேலை தெரிந்தவர்களிடம் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனுக்குச் சர்க்கரை நோய். தெருவே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் அவர் பொறுப்பு. ஆயிரம் தாளை ஒரே அமுக்கில் வெட்டுகிற மனுஷனுக்கு நாக்கை மட்டும் கட்ட முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செருப்பு கடித்த ஒரு புண் ஆறாமல் போய், இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

"ஒண்ணு போனா என்ன, இன்னும் ஒன்பது இருக்கே" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் முழங்காலோடு கால் போனவர் ஒருவர் படுத்திருந்தார். அதைப் பார்த்தாள். இவர் காலை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

அப்புறம் அந்த வீட்டில் இரண்டே வார்த்தைதான். 'ஏறிடுச்சு' என்றால் அன்றைக்கு யாரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். 'இறங்கிடுச்சு' என்றால் சமையலறையில் பாட்டுச் சத்தம் கேட்கும். விரலில் குத்தி எண்ணைப் பார்த்து அவள் சொல்லுகிற தோரணைக்கு அவர் வைத்த பெயர் 'டாக்டரம்மா'.

இன்சுலின் ஊசி ஆரம்பித்த அன்று நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னாள். காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. சர்க்கரை ரொம்பக் கீழே போனாலும் ஆபத்து, கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், அதனால் பாக்கெட்டில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும், வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பாருங்கள் என்பது இன்னொன்று. முதலாவது மிட்டாயக்காவின் மனதில் அப்படியே பதிந்தது. இரண்டாவதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள். அதைக் கீழே இறக்கத்தானே இத்தனை பாடு? இறங்கினால் என்ன கெட்டுப்போகும்?

ஆனால் அவர் இரண்டாவதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மிட்டாய் சாப்பிட ஆஸ்பத்திரியே அனுமதி கொடுத்துவிட்டதே! பாக்கெட்டில் நாலோடு போவார், வெறும் கண்ணாடித்தாளோடு வருவார். "கை நடுங்குச்சும்மா, போட்டுக்கிட்டேன்" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷனுக்குக் கை நடுங்கும்? ஒருநாள் சமையலறையில் டின்னுக்குள் கையை விட்டபடி கையும் களவுமாக மாட்டினார். அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற பைண்டர் அவருடைய சிநேகிதர், வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர். அவரும் போட்டுக்கொடுத்துவிட்டார். "தங்கச்சி, மெஷினுக்கு அடியில ஒரு டப்பாவே வச்சிருக்கான்."

கத்திப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். பாச்சா பலிக்கவில்லை. அப்போதுதான் சர்க்கரையே போடாமல் மிட்டாய் செய்தால் என்ன என்று தோன்றியது.

சொல்வது சுலபம். சர்க்கரை வெறும் இனிப்பு இல்லை, மிட்டாயின் உடம்பே அதுதான். மாத்திரைபோல வருகிற இனிப்பைக் கரைத்துப் பார்த்தாள், இனித்தது, ஆனால் இறுகவில்லை. வேறு ஒரு பொடி மணல் மணலாகப் பூத்துவிட்டது. மூன்றாவது ஒன்று பளபளவென்று கட்டியானது, சுவையும் பரவாயில்லை. மூன்று பேரும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு தின்றார்கள். அது வயிற்றைக் கலக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் கழிவறை ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அப்புறம் அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

நாலு மாசம் விடாமல் நின்றாள். கடைசியில் உடம்புக்கு ஒரு பொடி, இனிப்புக்கு வேறொன்றில் சிட்டிகை என்று கணக்குப் பிடித்தது. சொட்டைத் தண்ணீரில் விட்டாள். 'டக்'. அசல் மிட்டாய் ஒரு தட்டிலும் இது ஒரு தட்டிலும் வைத்து பைண்டரிடம் நீட்டினாள். அவர் இரண்டையும் மென்றுவிட்டு, அசல் எது என்று கேட்டால் தப்பாகக் காட்டினார். புருஷனும் அப்படியே. மிட்டாயக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. 'சர்க்கரை சேர்க்காத மிட்டாய்' என்று அச்சகத்திலேயே லேபிள் அடித்து விற்றாள். பைண்டருக்கும் கொஞ்ச நாளாகச் சர்க்கரை என்பதால் அவரும் வாங்கிப் போனார்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு காலை அவருடைய சட்டையை இஸ்திரி போடும்போது பாக்கெட்டிலிருந்த நாலை எடுத்துவிட்டுப் புது மிட்டாய் நாலைப் போட்டாள். அதே கண்ணாடித்தாள், அதே முறுக்கு, லேபிள் கிடையாது. அவர் கைவைக்கிற டின்னிலும் அதையே நிரப்பினாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கடையில் வாங்கித் தின்பார். மகளிடமும் சொல்லவில்லை, அவள் அப்பா செல்லம். அன்று முதல் அவர் திருடித் தின்பதைக் கதவிடுக்கில் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எண் இறங்கியது. இருநூற்று நாற்பது, நூற்றுத் தொண்ணூறு, நூற்று முப்பது. அவருடைய ஊசியின் அளவு அவர் தின்ற அசல் மிட்டாய்களையும் சேர்த்து எண் காட்டிய காலத்தில் வைத்தது. மிட்டாய் பொய்யாகிவிட்டது, ஊசி அதே அளவில் இருந்தது. இது அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கால் ஒன்றுதான்.

நாலாவது வாரம் ஒரு காலை எண் எழுபத்தொன்று காட்டியது.

"எழுபத்தொண்ணுங்க! இறங்கிடுச்சு!" என்று கைதட்டினாள்.

"ஒரு மாதிரி லேசா இருக்கு" என்றார் அவர்.

"பாரம் குறைஞ்சா லேசாத்தான் இருக்கும்."

"நீ சொன்னா சரிதான், டாக்டரம்மா." ஊசியைப் போட்டுக்கொண்டார். பஸ் போய்விடும் என்று பாதித் தட்டோடு எழுந்தார். அவள் வாசல்வரை வந்து, பாக்கெட்டில் நாலு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து அனுப்பினாள்.

பதினொரு மணிக்கு அவருக்குக் கை நடுங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே நடுங்கியது. மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேர்த்துச் சட்டை நனைந்தது. பைண்டர்தான் ஓடி வந்து பாக்கெட்டிலிருந்து மிட்டாயை எடுத்துப் பிரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டார். மெஷினுக்கு அடியில் இருந்த டப்பாவிலிருந்தும் இரண்டு போட்டார். அதுவும் அவள் டின்னிலிருந்து போனதுதான். ஆட்டோ கூப்பிடவா என்று ஒருவர் கேட்டார். மிட்டாய் போட்டாச்சு, கால் மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று பைண்டர் சொன்னார். கால் மணி முடிகிற நேரத்தில் அவர் ஸ்டூலிலிருந்து சரிந்தார், கை கால் வெட்டி இழுத்தது. ஆட்டோ வந்து, நெரிசலில் ஊர்ந்து, ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "சர்க்கரை இருபத்திரண்டுதாம்மா இருந்துச்சு. ரொம்ப நேரம் ஆயிடுச்சு, மூளைக்கு அடி. சாப்பாட்டுல சமீபமா ஏதாவது மாத்துனீங்களா?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் மாத்தலையே டாக்டர்" என்றாள் மிட்டாயக்கா.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அந்தச் சுண்டுவிரலைத் தவிர இரண்டு காலும் முழுசாக இருந்தன. அவரைக் குளிப்பாட்டும்போது அவள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழவில்லை. அதிர்ச்சி என்றார்கள்.

அடுத்த வாரம் பைண்டர் அவருடைய டிபன் பாக்ஸையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்தார். மகள் டீ போட உள்ளே போனாள்.

"நாலு மிட்டாயையும் நானே பிரிச்சுப் போட்டேன் தங்கச்சி. எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். அப்படியும் நிக்கலையே" என்றார். கண்ணைத் துடைத்தார்.

"அப்பா கடைசியா அம்மா செஞ்ச மிட்டாயைச் சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்காரு மாமா" என்றாள் மகள் டம்ளரோடு வந்து. அந்த ஒரு வாரமாக யார் வந்தாலும் அவள் இதைத்தான் சொன்னாள். அதில்தான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பைண்டர் டம்ளரை வாங்கிக்கொண்டார். "எனக்கும் நேத்து ஊசி ஆரம்பிச்சுட்டாங்க. பாக்கெட்ல மிட்டாய் வச்சுக்கச் சொன்னாங்க. கடையில எதுக்கு வாங்கணும், நம்ம தங்கச்சி மிட்டாய் இருக்கேன்னு..." சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். நாலும் லேபிள் ஒட்டியவை.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மகள் மகளாக இருப்பாள். மிட்டாயக்கா எழுந்துபோய் பைண்டரின் உள்ளங்கையிலிருந்த மிட்டாய்களை அள்ளிக்கொண்டாள்.

"இது வேணாம்ணே. நீங்க கடையில சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வச்சுக்குங்க."

"ஏன் தங்கச்சி?"

"இதுல சர்க்கரை இல்ல."

"அது தெரிஞ்சுதானே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். லேபிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அவரு பாக்கெட்லயும் இதுதான் இருந்துச்சுண்ணே. மெஷினுக்கு அடியில இருந்த டப்பாவுலயும் இதுதான்."

பைண்டர் டம்ளரைத் தரையில் வைத்தார். "நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேனே தங்கச்சி. கால் மணி நேரம். ஆட்டோ வேணாம்னு சொல்லிட்டு நின்னேனே."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த வீட்டில் மிட்டாய் செய்கிற கை ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டாள்.

"யாரும்மா மாத்தினது?"

"நான்தான்" என்றாள் அவள் அம்மா.