ஆலங்குடியில் பிரித்த தையல்

இரண்டே முக்காலுக்கு, ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தைத்து முடித்த கம்பளிக் குல்லா என் தலையிலேயே ஏற மறுக்கிறது. இமயமலை எல்லையில் பட்டாளத்தில் இருக்கும் மகனுக்காகப் பின்னியது. கயிறு முறுக்கியது போன்ற வேலைப்பாடு. முறுக்கு வைத்தால் பின்னல் சுருங்கும் என்பதை மறந்து, சாதாரணக் குல்லாவின் கணக்கிலேயே கண்ணிகள் போட்டுவிட்டேன். காது மரத்துப்போகிறது என்று அவன் எழுதி இரண்டு மாதமாகிறது. விடுமுறை முடிந்து திரும்பும் அவன் தோழன் நாலு மணி பஸ்ஸில் கீரமங்கலத்திலிருந்து வருகிறான். பிரித்துப் பின்ன நேரமில்லை.

பக்கத்தில் கடலை விற்பவள் எட்டிப் பார்க்கிறாள்.

"இந்த வெயில்ல கம்பளியா? பேரப்புள்ளைக்குங்களா?"

"பட்டாளத்துல இருக்கிற மகனுக்கு."

"அம்புட்டுச் சின்னத் தலையா அவுகளுக்கு?"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பின்பக்கத் தையலைப் பிரித்து, திறந்தபடியே விட்டு, கட்டிக்கொள்ள நாலு நாடா வைக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

நாலரைக்குத் தோழன் வந்து இறங்குகிறான். குல்லாவைத் திருப்பிப் பார்க்கிறான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தொறந்து இருக்கதுதாம்மா நல்லது. நான் கெளம்புறப்பவே அவனுக்குப் பனி கடிச்சு, ரெண்டு காதையும் சேத்துத் தலையச் சுத்திக் கட்டுப் போட்டிருந்தாக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னான்."