நாலு இஞ்ச் வளைவு

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில், ஸ்டீல் நாற்காலிகளும் சோபாக்களும் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் நான் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாகப் பலகையில் தாள் ஒட்டிப் பென்சிலால் போட்டுப் பழகிய கை. ஒரு நாள் முதலாளி என் மேஜையில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, "இனிமே எல்லாம் இதுலதாம்மா" என்றார். அடையாறில் மூன்று வாரப் பயிற்சிக்கும் அனுப்பினார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். எனக்கு முப்பத்தைந்து வயது. நான் நினைத்த இடத்தில் அம்புக்குறி நிற்கவே நிற்காது. கற்றுக்கொள்ளாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்திலேயே கற்றுக்கொண்டேன்.

அந்த மென்பொருளில் ஓர் அளவை இன்னோர் அளவோடு சூத்திரம் போட்டு இணைத்துவிடலாம். ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்ததெல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும். பலகையில் ஒரு நாள் பிடிக்கும் திருத்தம் இதில் ஒரு தட்டில் முடிந்துவிடும். அதைப் பார்த்த மயக்கத்தில், தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்து வைத்தேன்.

முதலில் வந்த பெரிய வேலை ஒரு நகைக்கடைக்கு நாற்பத்தெட்டு நாற்காலிகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே பைப். முதுகிலிருந்து இறங்கி, கைப்பிடியாக முன்னால் ஓடி, வளைந்து, முன்காலாகத் தரையைத் தொடவேண்டும். பைப் வளைக்கும் பட்டறை வடபழனியில் இருந்தது. அங்கே போய் முன்கூட்டியே கேட்டிருந்தேன். "நாலு இஞ்ச் வளைவுக்குத்தான் நம்மகிட்ட அச்சு கீது மேடம், அத்த மனசுல வச்சிக்கினு போடுங்க" என்றார் பட்டறைக்காரர்.

வளைவின் ஆரத்தை நாலு இஞ்ச் என்று நேரடியாக எழுதியிருந்தால் தீர்ந்தது. நானோ, கைப்பிடி உயரத்திலிருந்து இருக்கை உயரத்தைக் கழித்து அதில் பாதி என்று ஒரு சூத்திரம் போட்டேன். கணக்கு எட்டில் பாதி நாலு என்று சரியாகவே வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு கடைக்காரர் ஒரு மாற்றம் சொல்லி அனுப்பினார். வயதான அம்மாக்கள் எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்கள், இருக்கையை இரண்டு இஞ்ச் உயர்த்துங்கள், ஆனால் கைப்பிடி உயரக்கூடாது, நாற்காலி கவுண்டருக்கு அடியில் போகவேண்டும் என்று. இருக்கை உயரத்தை மாற்றித் தட்டினேன். நாற்காலி திரையில் ஒரு கணம் மறைந்து திரும்ப வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. மறுநாள் காலை பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். முன்சீட்டின் மேல்கம்பி வளைகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது எத்தனை இஞ்ச் வளைவு இருக்கும் என்று வழக்கம்போல மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் என் வளைவு ஞாபகத்துக்கு வந்தது. இருக்கை இரண்டு இஞ்ச் ஏறிவிட்டது. எட்டு இப்போது ஆறு. ஆறில் பாதி மூன்று.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, ஒரு ஆட்டோவைப் பிடித்து வடபழனி என்றேன். இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டார், சாப்பாட்டு நேரம், மின்சாரம் போயிருக்கும் என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டறைச் சுவரோரம் பத்தொன்பது பைப்புகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் முன்வளைவு நசுங்கி, உள்பக்கம் தோல் சுருங்கினதுபோல் மடிந்திருந்தது.

"நாலு இஞ்ச்னு சொன்னீங்களே! ஏன் வளைச்சீங்க?" என்றேன்.

"பேப்பர்ல மூணுன்னு போட்டுகீது மேடம். அதுக்கு அச்சு இல்லாம மணல் ரொப்பி, சூடு பண்ணி, மல்லுக்கட்டி வளைச்சிக்கினு கீறோம்."

"சந்தேகம் வந்தா ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"நீங்க கையால போட்ட பேப்பரா இருந்தா கேட்டிருப்பேன். இது கம்ப்யூட்டர்ல வந்திச்சே, அது தப்பு பண்ணாதுன்னு நெனச்சேன். இன்னா மேடம், தப்பா?"

"நிறுத்துங்க, புதுசு தரேன்" என்று மட்டும் சொல்லி அந்தத் தாளைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோதே தெரிந்துவிட்டது: மூன்று என்று எழுதியிருந்ததற்கு இனி அவர் கையில் சாட்சி இல்லை. அந்த நினைப்போடுதான் தி. நகருக்குத் திரும்பினேன். அதை உதறவும் முடியவில்லை.

முதலாளி, பத்தொன்பது பைப் வீணாகிவிட்டது என்றதுமே, "அவன் அளவு பாக்காம வளைச்சிட்டானா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். என் வேலை தப்பிக்கும். பட்டறைக்காரருக்கு அடுத்த வேலை வராது. கைப்பையைத் திறந்தேன்.

"இல்ல சார். அவர் டிராயிங்ல இருந்தபடிதான் செஞ்சார். தப்பு என்னோடது" என்று தாளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. "வா, இப்பவே சரி பண்ணு. நான் பாக்கணும்" என்று எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சூத்திரத்தை அழித்து, நாலு என்று தட்டவேண்டும். அவ்வளவுதான். அவசரத்தில் நாற்பத்து நாலு என்று விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். நாற்காலி மறைந்து, வந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"இவ்வளவுல பத்தொன்பது பைப் போகுதுன்னா பயமால்ல இருக்கு" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி முதலில் ஒரு பைப் மட்டும் வளைத்துப் பார்த்த பிறகே மற்றவை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்காலிகள் நான்கு நாள் தாமதமாகக் கடைக்குப் போயின. அதற்குப் பிறகு பட்டறைக்காரர் ஒவ்வொரு டிராயிங்குக்கும் போன் செய்ய ஆரம்பித்தார். "மேடம், இது கரெக்ட்டுதானே?" என்பார். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரையில் எண்களை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்வரை என்னால் ஆமாம் என்று சொல்ல முடிந்ததில்லை. அவரும் அதுவரை லைனிலேயே காத்திருப்பார்.