அம்மாவின் புதன்கிழமை

என் அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்புகள் அனல் பறக்க வந்து விழும். ஒரு முனையை அம்மா பிடிப்பாள், மறுமுனையை எதிரே நிற்பவள் பிடிப்பாள். ஓர் உதறல், இரண்டு மடிப்பு, நடந்து வந்து கையோடு கை சேர்ப்பது, மறுபடி பின்னால் போவது. எதிரே நிற்பவளை அங்கே எல்லோரும் நெட்டைக்கா என்பார்கள். அம்மாவோ குள்ளம். இவர்கள் மடித்த விரிப்பில் படுத்தால் நோயாளி உருண்டு விழுந்துவிடுவார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் படிப்போடு எனக்கு ஒரு வியாதியும் வந்து சேர்ந்தது. எங்கே அநியாயம் தெரிந்தாலும் உடனே ஒரு விண்ணப்பம் எழுதிவிடுவேன். தெருவிளக்கு எரியாததற்கு எழுதினேன், குழாயில் தண்ணீர் வராததற்கு எழுதினேன். அண்ணன் என்னை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அம்மாவுக்கு வார விடுமுறை புதன்கிழமை. அவள் பிரிவில் ஞாயிற்றுக்கிழமைக்கு அடிதடி நடக்கும், மூத்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. அம்மாவைவிடப் பத்து வருடம் பின்னால் சேர்ந்த நெட்டைக்காவுக்கு ஞாயிறு, அம்மாவுக்குப் புதன். வாயில்லாப் பூச்சி என்று ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். 'பணிமூப்பு', 'பாரபட்சம்' என்றெல்லாம் சொற்கள் வந்து விழுந்தன. வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நீட்டினேன். என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். நான் நீட்டினால் எதிலும் போடுவாள். மறுநாள் நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். அடுத்த வாரமே ஞாயிறு கிடைத்துவிட்டது. பெருமையாக இருந்தது. அம்மா, "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. காலையில் அப்பாவுக்குத் தேநீர், அண்ணன் எழுந்ததும் அவனுக்கு இன்னொரு முறை. பிறகு வாரம் முழுவதும் சேர்ந்த துணி. யாராவது உறவுக்காரர்கள் வருவார்கள். சட்டை எங்கே, கத்தரிக்கோல் எங்கே, சாப்பாடு ஆயிற்றா என்று அறைக்கு அறை அம்மாவைக் கூப்பிடும் சத்தம். அதில் என் சத்தமும் உண்டு. கடைசியாக அவள் சாப்பிட உட்காரும்போது எல்லாம் ஆறிப்போயிருக்கும். திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் பார்த்தவள் மாதிரி இருப்பாள். எனக்கு அது கண்ணில் பட்டது, காரணம்தான் படவில்லை.

நெட்டைக்காவை ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் மூன்று பெண்கள். ஞாயிறு போனதில் என்மேல் கோபமாக இருப்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளே பக்கத்தில் வந்தாள்.

"பெரிய எழுத்தெல்லாம் எழுதியிருந்தியாம். ஆபீஸே ஆடிப்போச்சு."

நான் ஏதோ நியாயம் பேச ஆரம்பித்தேன்.

"என் ஞாயித்துக்கிழமையை விடு, நான் எப்படியாவது பார்த்துப்பேன். உங்கம்மா புதன்கிழமையைப் பிடுங்கிட்டியே கண்ணு. வருசா வருசம் சூப்பர்வைசர் கேட்பாரு, உங்கம்மா வாயைத் திறந்து புதன்தான் வேணும்னு சொல்லும். அது கேட்டு வாங்கின நாள், யாரும் தலையில கட்டல."

அன்று மாலை அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அவள் திரும்பவில்லை.

"புதன்கிழமைன்னா வீட்ல நீங்க யாரும் இருக்க மாட்டீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; குழாயை மூடினாள்.

"உங்களைப் பிடிக்காம இல்லடி. அன்னைக்கு ஒருநாள் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்கு மட்டும் கொஞ்சமா சமைச்சு, சுடச்சுடச் சட்டியிலேயே போட்டுச் சாப்பிடுவேன். அப்புறம் பின்கதவைத் திறந்து வெச்சிட்டு வெயில் நகர நகரப் பாயையும் நகர்த்திட்டுப் படுத்திருப்பேன். அவ்வளவுதான்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையா செஞ்சே. எப்படிச் சொல்றது?"

அவள் பொறுத்துப்போகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இத்தனை வருடம் கணக்காகத் தேர்ந்து எடுத்துவைத்த ஒரே நாளை, பாவம் என்று நினைத்து நான் கலைத்திருக்கிறேன். படிப்பு எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று யோசித்தால் களைப்பாக வருகிறது. எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பதைக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை.

நெட்டைக்காவும் அம்மாவும் மாற்றிக்கொள்வதாகச் சொன்னபோது, எழுத்தில் வந்தது எழுத்தில்தான் போகும், காரணத்தோடு கொண்டுவாருங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மறுபடி பேனாவை எடுத்தேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"குடும்பம் என்னடி பண்ணுச்சு?"

அப்படியென்றால் முதுகுவலி என்று போடட்டுமா என்றேன். வலியெல்லாம் எல்லா நாளும்தான் இருக்கிறது, பொய் வேண்டாம் என்றாள்.

"அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருக்கு. அதை எழுது."

இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுத மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எழுதினேன். 'புதன்கிழமை எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதனால் அந்த நாளையே கேட்டுக்கொள்கிறேன்.' இந்த முறை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தாராம். இனிமேல் உங்கள் பெண் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

நாள் திரும்பி வந்தது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு நான் தினமும் போய்க்கொண்டிருந்த கணினிப் பயிற்சி அதற்குள் முடிந்துவிட்டது. வேலை கிடைக்கும்வரை எல்லா நாளும் வீட்டில்தான். முதல் புதன்கிழமை காலை அப்பாவும் அண்ணனும் கிளம்பிப் போன பிறகு அம்மா அடுப்படியில் இருந்தாள். கையில் வழக்கமான பெரிய பாத்திரம்.

சான்றிதழ்கள் வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு இன்டர்வியூ இருக்கா?"

"இல்ல. நூலகத்துக்கு."

"மழை வர்ற மாதிரி இருக்கே."

"குடை இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். இரு என்று சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவள் பெரிய பாத்திரத்தை மேலே எடுத்து வைத்துவிட்டுச் சின்னதை இறக்கினாள்.

"நாலு மணிக்கு வந்துடு" என்றாள்.

தெருவில் இறங்கியபோது மணி ஒன்பது. நூலகம் பத்துக்குத்தான் திறக்கும். மெதுவாக நடந்தேன். எனக்குப் பின்னால் வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.