துடுப்பைக் கட்டிப்பிடித்த கதை

எங்கள் ஊரில் தண்ணீர் நான் சொன்ன இடத்துக்குப் போகும். கொல்லங்கோட்டில் வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளில் மண்வெட்டியோடு வயலில் இறங்கினால், இந்த மடையை அடைப்பேன், அந்த மடையைத் திறப்பேன், அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி எனக்கு இனி யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஐம்பதை நெருங்கும் வயதுவரை நம்பியிருந்தேன். அந்தத் தண்ணீரெல்லாம் என் முழங்காலைத் தாண்டியதில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

சாந்தன்பாறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அந்த மலைக்குள் ஓர் அணைத் தேக்கம் இருக்கிறது. மூழ்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் நடுத்தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஒரு மரத்தில் நீர்க்காகம் குஞ்சு பொரித்திருக்கிறது என்று பந்தியில் யாரோ சொன்னார்கள். என் மனைவி பாயசத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். கிணற்றுமேட்டில் தூக்கணாங்குருவி கூடு கட்டினால், மோட்டார் போடக்கூட என்னைப் பூனை நடை நடக்க வைப்பவள் அவள்.

மறுநாள் காலை தேக்கத்தின் கரையில் நின்றோம். குஞ்சுகள் மிரளும் என்று அந்த மரத்தின் பக்கம் மோட்டார் படகு போவதில்லை. துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு வள்ளம்தான் போகும். அதைப் பழக்கித் தருகிறவள் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த முப்பது வயதுப் பெண்.

"அந்தா மஞ்ச டிரம் மிதக்குதுல்ல, அதுவரைக்கும் ரெண்டு பேரும் நேராப் போகணும். போயிட்டீங்கன்னா மரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா மோட்டார் போட்ல ஒரு சுத்து சுத்திட்டு, டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே."

டீ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, பயமா இருக்குதுங்களா?"

"எனக்கா? உனக்குப் பயமா இருக்குமேன்னு பாக்கறேன் புள்ள."

சொல்லிக்கொண்டே லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை மூச்சு முட்ட இறுக்கினேன். "இன்னொண்ணு கெடைக்குங்களா?" என்று பயிற்சிக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னொண்ணு எதுக்குண்ணே?"

"முதுகுப் பக்கத்துக்கு."

கரையில் பாடம் நடந்தது. ஒரு கை துடுப்பின் தலையில். மறு கை பலகைக்குச் சற்று மேலே. முன்னால் எட்டி, பலகை முழுதும் மூழ்க இறக்கி, இடுப்பைத் திருப்பி இழுத்து, இடுப்பருகே வந்ததும் வெளியே எடுக்க வேண்டும். கரையில் நின்று காற்றைத் துழாவியபோது என்னை மிஞ்ச ஆளில்லை. பின்னால் உட்காருகிறவர்தான் வள்ளத்தைத் திருப்ப வேண்டும் என்றதும், குடும்பத் தலைவன் என்ற முறையில் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். நான் இரு விளிம்பையும் பற்றிக்கொண்டு நாலு காலில் ஏறியதைப் பார்த்த பயிற்சிக்காரி, "அக்கா, நீங்க பின்னால வாங்க" என்றாள்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். துடுப்பு கையில் வந்ததும் கை தன் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. கொத்து, வாரு, பின்னால் எறி. வாரிய தண்ணீரெல்லாம் மனைவியின் மேல் போய் விழுந்தது.

"ஏனுங்க, எத்தன ஏக்கரா பாய்ச்சறதா உத்தேசமுங்க?"

வள்ளம் சாவகாசமாக ஒரு வட்டமடித்து, புறப்பட்ட கரையையே எனக்குக் காட்டியது. பக்கத்தில் தன் வள்ளத்தில் வந்த பயிற்சிக்காரி கத்தினாள்: "அண்ணே, அது மம்பட்டி இல்லண்ணே! தண்ணிய வாராதீங்க!"

அப்போதுதான் தூரத்தில் மோட்டார் படகு போனது. அதன் அலை எங்களைத் தேடி வந்து, வள்ளத்தைத் தொட்டிலாக்கியது. விளிம்பைப் பிடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் விரல்கள் துடுப்பை விட மறுத்தன. அதையே முன்னால் தண்ணீருக்குள் குத்தி, நட்ட கம்பத்தைப் பிடிப்பதுபோல் கட்டிப்பிடித்து, உயிரே அங்கே இருக்கிறது என்று அதை நோக்கி என்னை இழுத்தேன். என்னோடு வள்ளமும் வந்தது. நேராக வந்தது.

"அதான்! அதான்ணே! இப்பப் புடிச்ச மாதிரியே புடிங்க!"

"நான் எங்கம்மா புடிச்சேன்? தொங்குனேன்!"

"அப்பத் தொங்குங்க! விடாமத் தொங்குங்க!"

தொங்கினேன். ஊன்று, தொங்கு, இழு, எடு. எடுத்த கணத்தில் மறுபடி பயம் வரும். வந்ததும் மறுபடி ஊன்று. பயத்துக்கு என்னிடம் பஞ்சமே இல்லையாதலால் வள்ளம் எங்கும் நிற்கவில்லை. பின்னால் மனைவி தன் துடுப்பைக் கதவுபோல் ஒருக்களித்து வைத்து, வள்ளத்தின் கோணிய முனையை நிமிர்த்திக்கொண்டே வந்தாள். மஞ்சள் டிரம்மில் என் துடுப்பு 'டங்' என்று இடித்தபோது அவள் சிரித்த சிரிப்பு மலையில் பட்டுத் திரும்பியது.

முன்னால் இருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. பின்னால் ஆள் இருக்கிறதா என்று தெரியாது. "புள்ள, இருக்கறயா?" என்று மரத்துக்குப் போகும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். மரம் நெருங்கியதும் பேசக்கூடாது என்று பயிற்சிக்காரி வாயில் விரல் வைத்தாள். இனி நான் எப்படிக் கேட்பது? உடனே என் முதுகில் துடுப்பு நுனியால் மெல்ல ஒரு தட்டு. இருக்கிறாள்.

வெளுத்த கிளையில் சுள்ளிக் கூடு. இறகு முளைக்காத கழுத்துகள் மூன்று நீண்டு ஆடின. தாய் வந்து உட்கார்ந்ததும் ஒரு குஞ்சு அதன் வாய்க்குள் தலையையே நுழைத்து இரையை எடுத்தது. பின்னால் மனைவியின் துடுப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

வெகுநேரம் கழித்து, "போலாமுங்களா மாமா?" என்று கிசுகிசுத்தாள்.

"இன்னுங் கொஞ்சம் பாத்துக்க புள்ள. அவசரமென்ன?" என்றேன் பெருந்தன்மையாக. திரும்பிப் போகிற வழியில் அந்த மோட்டார் படகு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

முதுகில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பலமாகவே. கண்டுபிடித்துவிட்டாள்.