பிரேயர் முடிந்த பிறகு

இன்று காலை புத்தூர் ஷேர் ஆட்டோவில் என் ஏழு வயது மகள் செல்வியோடு போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் பூக்கூடையுடன் ஓர் அக்கா.

"மணி ஒம்பதரை ஆவுது. இப்பத்தான் இஸ்கூலுக்கு இட்டுக்கினு போறியா?"

"பிரேயர் முடிஞ்சப்புறம்தான் போவோம்க்கா. பெல்லு சத்தம் இவளுக்கு ஆவாது."

செல்வியின் பள்ளியில் பெல் என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. காலையில் பிரேயருக்கு அதைக் கம்பியால் அடிப்பார்கள்.

"ரெண்டு சாத்து சாத்துனா தன்னால போவும்."

"சாத்தியும் பாத்தேன்க்கா. ரெண்டு மாசம் வூட்ட வுட்டே வெளிய வரல. இப்ப ஹெச்.எம். கிட்ட பேசி லேட்டா வுடறேன். மூணு வாரமா ஒருநாள்கூட லீவு போடல."

ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் திருப்பதியில் டாக்டர் பார்த்துச் சொல்வார். சொல்லட்டும். காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையை நம்புவதற்கு எனக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை.

அதற்குள் டிரைவர் ஹாரனை அழுத்தினார். செல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் கவிழ்ந்துவிட்டாள்.

அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பிப் போட்டார் ஒரு சத்தம்.

"ஏ நைனா! ஹாரன் அடிக்காதப்பா! பாப்பாவுக்கு காது நோவுதுன்றன்ல!"

ஹாரனே தேவலை.

பள்ளி வாசலில் செல்வி தானாகவே இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

தண்டவாளத்தைச் சமாளித்துவிட்டேன். நம் பக்கம் நின்று கத்துகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மெதுவாக.